நாரி நோவும் கைரோபிராக்டரும்: எதற்குப் போகலாம், யாரிடம் போகலாம்?

நீர்வேலியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அம்மாவுக்கு 64 வயது. வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நின்றே காலம் கழித்தவர். இரண்டு வருடங்களாக அவருக்கு நாரி நோ. ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா, இந்தக் கோடைக்கு அம்மாவைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தால் முதுகு, கழுத்து நோக்களுக்குக் கையால் வைத்தியம் செய்பவரான தன்னுடைய கைரோபிராக்டரிடம் காட்டலாம் என்கிறார். அந்தக் கைரோபிராக்டர் ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பைத் திருப்பி, ஒரே அழுத்தில் 'டக்' என்ற சத்தம் வரச் செய்பவர். அண்ணி போவதோ இன்னொருவரிடம். அவர் எதையும் முறிப்பதில்லை. பேனை அளவான ஒரு கருவியால் முதுகில் தட்டுவதோடு சரி. ஒரே பட்டம் பெற்ற இருவரின் வைத்தியம் ஏன் இப்படி வேறுபடுகிறது, இவர்கள் எந்தெந்த வருத்தங்களுக்குப் பார்க்கிறார்கள், அம்மாவைக் காட்டலாமா என்பவையே அவருடைய கேள்விகள்.

நான் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றுபவன், கைரோபிராக்டர் அல்லன். இரண்டு துறைகளுக்கும் இடையே பொதுவானவை நிறைய இருப்பதாலும், வெளிநாட்டில் அவர்களிடம் போய்வந்தவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது எங்களிடம் வந்து இதே கேள்விகளைக் கேட்பதாலும், இந்த விடயத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன்.

சுருக்கமான விடையை முதலிலேயே தந்துவிடுகிறேன். முள்ளந்தண்டிலும் அதைச் சார்ந்த மூட்டுகளிலும் தசைகளிலும் எழும் நோவே கைரோபிராக்டர்களின் பிரதான வேலை. நாரி நோவுக்கும், கழுத்து நோவுக்கும், கழுத்திலிருந்து கிளம்பும் ஒருவகைத் தலையிடிக்கும் அவர்களுடைய சிகிச்சையால் ஓரளவு பயன் உண்டு. ஆஸ்துமா, இரத்த அழுத்தம், குழந்தையின் வயிற்றுக்குத்து, ஒவ்வாமை போன்றவற்றுக்குப் பயன் இருப்பதாக நம்பகமான ஆய்வு எதுவும் காட்டவில்லை. எந்த முறையைக் கையாள்கிறார் என்பதைவிட, தான் எதற்கு வைத்தியம் செய்வதாக அந்தக் கைரோபிராக்டர் நினைக்கிறார் என்பதுதான் நோயாளிக்கு முக்கியம். இந்த வேறுபாடு துறையின் பிறப்போடு தொடங்கியதால், அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது.

1895 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டவன்போர்ட் என்ற ஊரில் காந்த வைத்தியம் செய்துவந்த டானியல் டேவிட் பாமர் என்பவர், தமது கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகில் ஒரு முள்ளென்பை அழுத்தியதாகவும், அதன்பின் பல வருடங்களாகக் காது கேளாதிருந்த அவருக்குக் கேள்விப்புலன் திரும்பியதாகவும் கூறினார். இந்த ஒரு சம்பவத்திலிருந்து, முள்ளென்புகள் இலேசாக இடம் விலகி நரம்புகளை அமுக்குவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம், அவற்றைச் சரிப்படுத்தினால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற கோட்பாட்டை அவர் கட்டியெழுப்பினார். அந்த இட விலகலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'சப்லக்சேஷன்'. காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு முதுகு வழியாகச் செல்வதே இல்லை என்பதை உடற்கூற்றியல் படித்த எவரும் அறிவர். ஆனாலும் பாமர் 1897 இல் தொடங்கிய பள்ளி வளர்ந்தது. அவருடைய மகன் பி. ஜே. பாமர் அதை ஒரு பேரியக்கமாக்கினார்.

விரைவிலேயே துறை இரண்டாகப் பிரிந்தது. பாமரின் கோட்பாட்டை அப்படியே பிடித்துக்கொண்டு முள்ளந்தண்டைச் சரிப்படுத்துவதை மட்டுமே செய்தவர்களை 'ஸ்ரெயிற்' என்றும், அதனோடு உடற்பயிற்சி, மசாஜ், சூட்டு ஒத்தடம், உணவு ஆலோசனை ஆகியவற்றையும் கலந்துகொண்டவர்களை 'மிக்ஸர்' என்றும் அழைத்தார்கள். இன்று பெரும்பாலானோர் இரண்டாம் வழியில் வந்தவர்கள். நோய்க்கெல்லாம் முள்ளந்தண்டே மூலம் என்று அவர்கள் சொல்வதில்லை. பிரித்தானியாவில் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்யும் பொதுப் பேரவையே, சப்லக்சேஷன் நோயை உண்டாக்குகிறது என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று 2010 இல் எழுத்தில் அறிவித்தது. எனினும் பழைய வழியைப் பின்பற்றுவோர் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையை வைத்து இருவரையும் பிரித்தறிய முடியாது.

அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்துறையை நீண்டகாலம் ஒதுக்கி வைத்திருந்தது. செஸ்ரர் வில்க் என்ற கைரோபிராக்டரும் வேறு சிலரும் 1976 இல் தொடுத்த வழக்கில், அந்தச் சங்கம் சட்டவிரோதமான புறக்கணிப்பில் ஈடுபட்டது என்று 1987 இல் தீர்ப்பு வந்தது. அது வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. வைத்தியம் பலிக்கும் என்பதற்கான சான்றிதழாக அதைக் காட்டுவோரும் உண்டு, அது பொருத்தமற்றது.

கனடாவைப் பொறுத்தவரை, அண்ணாவின் கைரோபிராக்டர் படிக்காதவர் என்று எண்ணவேண்டாம். ரொறன்ரோவில் 1945 இல் தொடங்கப்பட்ட கல்லூரியில் சேரவே ஆகக்குறைந்தது மூன்று வருடப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும். அதன்மேல் நான்கு வருடம் உடற்கூற்றியல், நரம்பியல், கதிர்ப்படம் பார்த்தல், நோயறிதல் எல்லாவற்றையும் படிக்கிறார்கள். ஒன்ராறியோவில் 'டொக்டர்' என்று தம்மை அழைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அவர்கள் எம்.பி.பி.எஸ். வைத்தியர்கள் அல்லர்: மருந்து எழுதவோ சத்திரசிகிச்சை செய்யவோ முடியாது. ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி 2004 இல் கைரோபிராக்டர் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியது. எங்களவர்கள் பலர் வேலைத்தலக் காப்புறுதி மூலமோ, வாகன விபத்துக் காப்புறுதி மூலமோ செல்கிறார்கள். காப்புறுதி தருகிற தடவைகளை முடித்தாக வேண்டும் என்ற எண்ணத்தில் நோ தீர்ந்த பின்னும் போய்க்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி, எதற்கு எவ்வளவு பயன் என்று பார்ப்போம். திடீரென்று பிடித்துக்கொண்ட நாரி நோவுக்கு முள்ளந்தண்டைக் கையாளும் சிகிச்சை பற்றி 2017 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையிலேயே ஒரு தொகுப்பாய்வு வெளியானது. நோவை 0 இலிருந்து 100 வரை அளந்தால், அந்தச் சிகிச்சையால் ஏறத்தாழ 10 புள்ளிகள் கூடுதலாகக் குறைகிறது என்பது அதன் முடிவு. பத்துப் புள்ளி பெரிய அளவன்று. ஆனாலும், பெரும்பாலான நாரி நோக்கள் சில கிழமைகளில் தாமாகவே தணிபவை என்பதையும், நோ மாத்திரைகளின் பயனும் இந்த அளவிலேயே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, அதை ஒதுக்கிவிட முடியாது. நீண்டநாள் நாரி நோ பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, நோவைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மசாஜ் ஆகியவற்றோடு இந்தச் சிகிச்சையையும் நிபந்தனையுடன் ஏற்றுக்கொண்டது. அதே வழிகாட்டி, இங்கே மருந்துக்கடைகளில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் நாரிப் பட்டியையும், இழுவைச் சிகிச்சையையும், அல்ட்ராசவுண்ட் சிகிச்சையையும் வழமையாகக் கொடுக்கவேண்டாம் என்கிறது. கடைசி இரண்டும் எங்கள் இயன்மருத்துவப் பிரிவுகளில் நெடுங்காலம் கொடுக்கப்பட்டு வந்தவை. கைரோபிராக்டர்களுக்கு ஓர் அளவுகோல், எங்களுக்கு வேறோர் அளவுகோல் என்று வைத்துக்கொள்ள முடியாது என்பதால் இதையும் சொல்கிறேன்.

பிரித்தானியாவின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டி இன்னும் தெளிவானது: கையால் செய்யும் சிகிச்சையைத் தனியே கொடுக்கக்கூடாது, உடற்பயிற்சியோடு சேர்த்தே கொடுக்கவேண்டும். கழுத்து நோவிலும் இதே நிலைதான். 272 பேரை வைத்து நடத்தி 2012 இல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், கழுத்தைக் கையாளும் சிகிச்சை பெற்றவர்கள் மருந்து பெற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள். ஆனால் வீட்டில் செய்யும் எளிய பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு போனவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறினார்கள். பலர் மேற்கோள் காட்டுவது அந்த ஆய்வின் முதற்பாதியை மட்டும். எனக்குப் பெறுமதியாகத் தெரிவது இரண்டாம் பாதி.

தலையிடியில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பிடரியில் தொடங்கி ஒரு பக்கமாக முன்னேறும், கழுத்தை அசைத்தால் கூடும் தலையிடிக்குச் சிகிச்சை உதவக்கூடும். ஒற்றைத் தலைவலி எனும் மைக்ரேனுக்கோ, நோர்வேயில் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கும் போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் 1998 இல் கனடாவில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பயன் இல்லை என்று கண்டார்கள். காலுக்குள் இறங்கும் நரம்பு நோவில் சிலருக்குத் தற்காலிக ஆறுதல் கிடைக்கும், சான்று மெலிந்தது. தோள், முழங்கால், குதிக்கால் நோக்களுக்கும் அவர்கள் பார்க்கிறார்கள். அங்கே அவர்கள் செய்வதும் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய ஒன்றே.

இப்போது முறைகளுக்கு வருகிறேன். அண்ணாவின் கைரோபிராக்டர் செய்வது உலகில் மிகப் பரவலான முறை. நாரிக்குச் செய்யும்போது நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் காலை மடித்து, தோளைப் பின்பக்கமாகவும் இடுப்பை முன்பக்கமாகவும் மெதுவாகத் திருப்பிக்கொண்டு போவார். இனித் திரும்பாது என்று தசையும் மூட்டும் இறுகும் இடத்தில் நிறுத்தி, நோயாளியை மூச்சை விடச் சொல்லி, அந்த நொடியில் தமது உடலின் பாரத்தால் ஒரு சிறிய, மிக வேகமான அழுத்தத்தைக் கொடுப்பார். ஒரு வினாடியில் ஐந்திலொரு பங்குகூட எடுக்காத அசைவு அது. திறமையுள்ளவர் கையில் வேகம் அதிகம், தூரம் குறைவு. பழகாதவரோ தூரத்தை அதிகமாக்கிவிடுவார். காயம் அங்கேதான் வரும்.

அந்தச் சத்தத்தைப் பற்றி எங்களிடம் வருபவர்கள் கேட்காத நாளில்லை. என்பு 'இடத்துக்கு வந்து விழுந்த' சத்தம் என்றே பலர் நம்புகிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில், மூட்டின் இரு முகங்களும் சடுதியாக விலகும்போது அழுத்தம் குறைந்து வாயுக் குழி ஒன்று தோன்றுகிறது. சத்தம் அப்போது எழுவது. அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015 இல் விரல் மூட்டை இழுத்துச் சொடக்கெடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. படமெடுத்து அதைக் காட்டினார்கள். சோடாப் போத்தலைத் திறக்கும்போது குமிழி எழுவது போன்ற இயல்பான நிகழ்வு அது. அதே மூட்டு மீண்டும் சத்தமிடச் சுமார் இருபது நிமிடமாவது வேண்டும். சத்தம் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் நோ குறைவதில் வேறுபாடு இல்லை என்பதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆகவே, சத்தம் வரவில்லை என்று ஒருவர் மறுபடி மறுபடி திருப்பினால், அவர் துறையை அரைகுறையாக அறிந்தவர்.

அப்படியானால் நோ ஏன் குறைகிறது? அந்தச் சடுதியான இழுவை மூட்டிலும் தசையிலும் உள்ள நரம்பு முனைகளைத் தூண்டி, நோச் செய்தியை முள்ளந்தண்டும் மூளையும் கையாளும் விதத்தைச் சிறிதுநேரம் மாற்றுகிறது. இறுகிய தசை தளர்கிறது. அசையப் பயந்தவருக்கு அசையலாம் என்ற துணிவு வருகிறது. இன்றைய விளக்கம் ஏறக்குறைய இதுதான். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் முள்ளென்பு இடம் மாறியதாகத் தெரிவதில்லை.

அண்ணியின் கைரோபிராக்டர் கையாளும் கருவிக்கு 'ஆக்ரிவேற்றர்' என்று பெயர். உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும். அழுத்தினால் ரப்பர் முனை மிக வேகமாக ஒரு தட்டுத் தட்டும். 1960களில் அமெரிக்காவில் உருவான முறை அது. குப்புறப் படுக்கவைத்து இரண்டு கால்களின் நீளத்தையும் குதிக்காலில் ஒப்பிட்டு, எந்த முள்ளென்பில் தட்டுவது என்று தீர்மானிப்பார்கள். தட்டுவதால் தீங்கு வருவது அரிது. முறிப்புக்குப் பயந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது ஒத்துப்போகும். ஆனால் சில மில்லிமீற்றர் கால் வித்தியாசத்தைப் பார்வையால் அளந்து முள்ளந்தண்டின் பிழையைச் சொல்வதில் இருவருக்கிடையே ஒற்றுமை வருவது கடினம் என்பது என் கருத்து. தட்டுதலை ஏற்றுக்கொள்ளலாம், அதற்குச் சொல்லும் காரணத்தை அப்படியே ஏற்கவேண்டியதில்லை.

கோன்ஸ்டெட் என்பவர் விஸ்கொன்சின் மாநிலத்தில் உருவாக்கிய முறையில், நிற்கவைத்து எடுத்த முழு முதுகு எக்ஸ்றே, தோலின் சூட்டை அளக்கும் கருவி, விரலால் தடவிப் பார்த்தல் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரே ஒரு முள்ளென்பைக் குறிவைத்து அழுத்துவார்கள். கழுத்தை அவர்கள் கதிரையில் இருத்திவைத்தே செய்வார்கள்; முறுக்கித் திருப்புவதைத் தவிர்ப்பார்கள். தொம்சன் முறையில் மேசையின் ஒரு பகுதி சிறிதளவு உயர்ந்து, அழுத்தும்போது 'தடக்' என்று கீழிறங்கும். சத்தம் மேசையினுடையது. நோயாளிக்கு விழும் பலம் குறைவு.

கொக்ஸ் என்பவரின் முறை எனக்கு மனதுக்கு நெருக்கமானது. இரண்டாகப் பிரிந்த மேசையில் குப்புறப் படுக்க, கால்ப்பக்கம் மெதுவாகக் கீழிறங்கும். வைத்தியரின் உள்ளங்கை நாரியில் ஒரு முள்ளென்பைப் பிடித்திருக்கும். இறக்குவது, விடுவது, மீண்டும் இறக்குவது என்று தாளமாக நடக்கும். வெடுக்கென்ற அசைவு எதுவும் இல்லை. முள்ளென்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கிக் கால்நரம்பு நோவுள்ளவர்களுக்கும், வயதினால் முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கி, கொஞ்சத்தூரம் நடந்தால் கால் விறைத்து, குனிந்து இருந்தால் ஆறுதல் காண்பவர்களுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதற்கான சான்றும் பெரிதாக இல்லை. ஆனால் நோயாளியின் உடல் என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு அசைவிலும் கேட்டுக்கொண்டு செய்யக்கூடிய முறை இது.

மேற்கழுத்தின் முதல் முள்ளென்பை மட்டும் சரிசெய்தால் உடல் முழுவதும் சரியாகும் என்று கூறும் பிரிவொன்றும் உண்டு, 1930களில் பி. ஜே. பாமர் முன்வைத்த எண்ணத்தின் வழிவந்தது அது. கையை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்த்து, தசை தளர்ந்தால் இன்ன உறுப்பில் பிழை, இன்ன உணவு ஒத்துவராது என்று சொல்லும் முறையை 1964 இல் குட்ஹார்ட் என்பவர் தொடங்கினார். பரிசோதிப்பவருக்கு விடை தெரியாதபடி மறைத்து நடத்திய ஆய்வுகளில் அந்தத் தசைப் பரிசோதனை குருட்டு ஊகத்தைத் தாண்டவில்லை. இவை இரண்டையும் நாடுமாறு நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

'டிஸ்க் விலகிவிட்டது' என்று ஸ்கான் அறிக்கையோடு அழுதுகொண்டு வருபவர்களுக்காக ஒரு செய்தி. எந்த நோவும் இல்லாதவர்களின் முள்ளந்தண்டுப் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதினரில் 30 வீதமானோருக்கும் எண்பது வயதினரில் 84 வீதமானோருக்கும் டிஸ்க் புடைத்திருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் நோவின் காரணமாகிவிடாது. ஆகவே, முதல் நாளே எக்ஸ்றேயைச் சுவரில் மாட்டி, "உங்கள் முள்ளந்தண்டு கோணி இருக்கிறது, நாற்பது தடவை வரவேண்டும்" என்று சொல்லும் எவரிடமிருந்தும், அவர் எந்தத் துறையினராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். நல்லவர் முதலில் நீண்டநேரம் கதை கேட்பார். கால்களின் பலம், உணர்ச்சி, தட்டினால் துள்ளும் தெறிவினை மூன்றையும் சோதிப்பார். வீட்டில் செய்யப் பயிற்சி தருவார். மூன்று நான்கு கிழமைகளில் மாற்றமில்லை என்றால் தாமே வேறு வைத்தியரிடம் அனுப்புவார்.

ஆபத்துகளைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உளைவும் களைப்பும் பலருக்கு வரும், அவை தீரும். அஞ்சவேண்டியது கழுத்தில். மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகளில் இரண்டு கழுத்து முள்ளென்புகளின் துளைகளுக்கூடாகவே ஏறுகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அந்த நாடியின் உட்சுவர் கிழிந்து, குருதி உறைந்து, பாரிசவாதம் வந்ததாகப் பதிவான சம்பவங்கள் உண்டு. ஒன்ராறியோவின் தரவுகளை வைத்து 2008 இல் வெளிவந்த ஆய்வு, இத்தகைய பாரிசவாதம் வந்தவர்கள் அதற்கு முன் கைரோபிராக்டரிடம் போனதைப் போலவே குடும்ப வைத்தியரிடமும் போயிருந்தார்கள் என்று கண்டது. அதாவது, நாடி ஏற்கெனவே கிழிந்து, அந்தக் கழுத்து நோவோடுதான் சிலர் சிகிச்சைக்கே போகிறார்கள். இது கைரோபிராக்டர்களுக்கு ஆறுதலான முடிவு. நோயாளிக்கு ஆறுதல் அளிப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே கிழிந்த நாடியுள்ள கழுத்தைத் திருப்புவது இன்னும் ஆபத்து. முன்பு அனுபவித்திராத கடுமையான கழுத்து நோ அல்லது தலையிடி, தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, பேச்சுத் தடுமாற்றம், விழுங்கச் சிரமம், முகத்தில் விறைப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் கழுத்தில் எவரையும் கைவைக்க விடாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சலூன்களைச் சொல்லாமல் போகமுடியாது. முடிவெட்டி முடிந்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் சொடுக்கிவிடுவது பழக்கமாகவே இருக்கிறது. இளைஞர்கள் கேட்டு வாங்கிச் செய்துகொள்கிறார்கள். பல வருடம் படித்தவரே தயங்கிச் செய்யவேண்டிய அசைவை, எந்தப் பரிசோதனையும் இன்றிச் செய்வது அது. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கைத்தொலைபேசியில் காணொளி பார்த்துவிட்டு, வீட்டில் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி முறிப்பதும் அப்படியே.

முள்ளந்தண்டை வேகமாக அழுத்தக்கூடாதவர்கள் வேறும் உண்டு: என்பு நலிந்தவர்கள், புற்றுநோய் வந்தவர்கள், ஸ்ரீரொயிட் மாத்திரையை நீண்டநாள் எடுத்தவர்கள், குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள், முடக்குவாதத்தால் மேற்கழுத்து மூட்டு தளர்ந்தவர்கள். எங்கள் நாட்டில் முள்ளந்தண்டுக் காசநோயையும் நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னேரக் காய்ச்சல், மெலிவு, இரவில் கூடும் நோ என்று அது வரும். யுத்தகாலச் செல் துண்டுகள் உடலில் தங்கியிருப்பவர்கள் அதை வாய் திறந்து சொல்லவேண்டும். பழைய காயம்தானே என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். முள்ளந்தண்டுக்கு அருகே துண்டு இருந்தால் அழுத்தமும் ஆபத்து, எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கும் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். உட்காரும்போது இருக்கையில் படும் பகுதியில் விறைப்பு, சிறுநீர் போகாமை, இரண்டு காலும் பலமிழத்தல் என்பன வந்தால் அன்றைக்கே சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகவேண்டும், பிந்தினால் திரும்பாது.

குழந்தைகள் விடயத்தில் அவுஸ்திரேலியக் கைரோபிராக்டர் சபை 2019 இல், இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் முள்ளந்தண்டைக் கையாளக்கூடாது என்று இடைக்காலக் கொள்கை வெளியிட்டது. அதன்பின் அங்கே விவாதம் நடந்தாலும், இங்குள்ள பெற்றோருக்கு என் அறிவுரை அதுவே.

எங்கள் ஊர் முறிவு நெரிவுப் பரியாரியாரும் இதைத்தானே செய்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. சுளுக்குக்கும் முறிவுக்கும் எண்ணெய் போட்டு, உருவி, மருந்துப் பற்று வைத்துக் கட்டுவதில் பரம்பரை அனுபவமுள்ளவர்கள் அவர்கள். பல தலைமுறைகள் அவர்களால் எழுந்து நடந்திருக்கின்றன. உருவுதலும் இளஞ்சூடும் தசைப்பிடிப்புக்கு ஆறுதல் தருவதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது வேறு மரபு, வேறு கோட்பாடு. அந்த வழியில் போக விரும்புபவர்கள் பதிவுபெற்றவரிடம் செல்லலாம். கைதடியில் சித்த மருத்துவத்தைப் பல்கலைக்கழக மட்டத்திலேயே கற்பிக்கிறார்கள். கைரோபிராக்டர் கல்வியை இலங்கையின் எந்த அரச பல்கலைக்கழகமும் வழங்குவதில்லை. ஆகவே இங்கே அந்தப் பெயரில் சிகிச்சை தருகிறேன் என்று சொல்பவரிடம், எந்த நாட்டில், எத்தனை வருடம் படித்தார், எந்தச் சபையில் பதிவு செய்திருக்கிறார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சில நாட்கள் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் பெற்றவர் என்றால் கழுத்தையும் நாரியையும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி அம்மாவின் விடயம். 64 வயதுப் பெண், மாதவிடாய் நின்று பல வருடங்கள் ஆகியிருக்கும். என்பின் அடர்த்தி குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. கனடா போவதற்கு முன் இங்கேயே ஒரு வைத்தியரிடம் காட்டி, முதுகு கூனத் தொடங்கியிருக்கிறதா, உயரம் குறைந்திருக்கிறதா என்று பார்த்து, தேவையென்றால் என்பு அடர்த்திப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அண்ணாவின் வேலைத்தலக் காப்புறுதி பொதுவாக மனைவி பிள்ளைகளுக்குத்தான், பெற்றோருக்கு இல்லை. ஆகவே அங்கே பணம் கையிலிருந்துதான் போகும். இதற்கென்றே கடல் கடந்து போகவேண்டியதில்லை. இங்கே இயன்மருத்துவரிடம் ஐந்தாறு தடவை போய், நாரியையும் தொடையையும் வலுப்படுத்தும் பயிற்சிகளைக் கற்று, வீட்டில் மூன்று மாதம் தவறாமல் செய்தால் கிடைக்கக்கூடிய பயனைவிடக் கைரோபிராக்டர் கூடுதலாகத் தருவார் என்று சொல்லச் சான்று இல்லை. தோட்டத்தில் தொடர்ந்து குனிந்து நில்லாமல், அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நாலடி நடப்பதும், புல்லுப் பிடுங்கும்போது தாழ்ந்த பலகையில் இருப்பதும், மூட்டையை இரண்டு பேராகத் தூக்குவதும் சிகிச்சையின் பகுதிகளே.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க எப்படியும் போகிறார், அண்ணாவும் விடுவதாயில்லை என்றால், தடுக்கவேண்டியதில்லை. பரிசோதனை அறிக்கைகளையும் எடுக்கும் மாத்திரைகளின் பெயர்களையும் கையோடு கொடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் சிரமமென்றால் அண்ணா உடனிருந்து எல்லாவற்றையும் சொல்லவேண்டும். வேகமான அழுத்தம் வேண்டாம், மேசையில் மெதுவாக இறக்கும் முறையோ மென்மையான அசைவோ போதும் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். நல்ல கைரோபிராக்டர் அதைத் தாமே சொல்வார். கழுத்தைச் சேர்த்துச் சரிசெய்துவிடுகிறேன் என்று அவர் கேட்டால் மறுத்துவிடச் சொல்லுங்கள். நாரி நோவுக்கு வந்தவரின் கழுத்தைத் திருப்புவதற்குக் காரணமே இல்லை.